அணுவும் அடியேன் மைக்கும்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் யக்ஞநாராயணன் ஐயா அவர்களே! சேலையூரின் செம்மாந்த பெரியோர்களே! தண்ணீர் லாரிக்குக் காத்துநின்ற கால்வலியோடு வந்திருக்கும் தாய்மார்களே! நலச்சங்கச் செயலாளர் ஜெயவேலுவின் வணக்கம்.

இன்று நெடுநேரம் பேச மாட்டேன். சிரிக்காதீர்கள்! மணி ஆறு ஐம்பது. ஏழுக்குள் முடித்தாக வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஏன்? அடுத்த தெருவின் ஆய்வுக்கூடத்தில் நம் எல்லம்மாவின் மகள் கன்னியம்மா காத்திருக்கிறாள். அவளிடம் இருப்பது கண்ணால் காணும் நுண்ணோக்கி அன்று. தடவிக் காணும் நுண்ணோக்கி! ஊசி முனையில் ஓர் அணு. கீழே இன்னோர் அணு. தொட்டும் தொடாமலும் நெருங்கினால் ஒன்றையொன்று பிடித்திழுக்கும். கல்லைக் கல்லாக்குவது எது? நம் உடலை உடலாக்குவது எது? அந்தப் பிடிதானே! அதன் வலுவை அளக்க இரண்டாண்டாக அல்லாடுகிறாள். கருவியோ இரவல். நாளைக் காலை பெங்களூருக்குத் திரும்புகிறது.

போன ஞாயிறு ஊசியின் அசைவைக் காட்டும் அவள் வரைபடம் துள்ளியது. அவளும் துள்ளினாள். "அம்மா, புடிச்சிட்டேன்!" என்று கத்தினாள். மறுநாள் அளந்தாள், துள்ளலே இல்லை. போன ஞாயிறு இதே மேடையில் குடிநீருக்காக இரண்டு மணி நேரம் முழங்கியவன் யார்? நான்! நான் முழங்கி, நீங்கள் கைதட்டிய போதெல்லாம் அந்த அதிர்வில் அவள் ஊசி துள்ளியிருக்கிறது.

என் வாசலுக்கே வந்து சொன்னாள்: "அண்ணா, நான் அளந்தது அணுவை இல்ல, உங்க மைக்கை."

வெட்கத்தில் வீம்பு பேசினேன்: "தாம்பரம் ரயில் மட்டும் ஆட்டாதாம்மா?"

"ரயிலுக்கு டைம்டேபிள் இருக்குண்ணா. உங்க பேச்சுக்கு இல்லியே!"

என்ன குப்புராஜ்? "அப்போ இன்னாத்துக்கு இப்போ பேசிகினு கீற?" என்றா கேட்கிறாய்? நியாயம்தான் தம்பி! பேசாதே என்று சொல்லவும் எனக்குப் பேச மட்டுமே தெரிகிறது.

ஏழு முதல் எட்டு வரை அவள் கடைசியாய் அளக்கப்போகிறாள். போர்வெல் மோட்டார் போடாதீர்கள்! பட்டாசு வெடிக்காதீர்கள்! முரசாய் முழங்கியே பழகிய நாம், அவளுக்காக ஒரு மணி நேரம் மூச்சடக்க மாட்டோமா? அவள் வெல்வாளா? தெரியாது. தோற்றால் அணுவால் தோற்கட்டும். அண்ணனால் தோற்கக் கூடாது!

ஐயோ, தட்டாதீர்கள்! தட்ட எழுந்த கைகளை அப்படியே குவித்துக்கொள்ளுங்கள். அதுவே என் நன்றி, அதுவே நம் வணக்கம். இரண்டே நிமிடம் இருக்கிறது.

சேட்டு, மைக்கை அணைப்பா.