அடிபடாத வெள்ளை வண்டி

மத்தியானம் இரண்டு மணி. பேய் வரும் நேரமா அது என்று சிரிக்காதீர்கள்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் வெல்டரின் மைத்துனருக்கு நடந்தது. வாடகைக் கார் ஓட்டுகிறவர்.

ஊரை விட்டு விலகிய தார்ச்சாலை. ஒரு நாய்கூட இல்லை. சாலை முடிகிற இடத்தில், உடைக்க வந்த கார்கள் வரிசையாக நிற்கும் காயலான் கடை.

அவருடையது ஹைபிரிட் வண்டி. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. அந்தப் பேட்டரி படுத்துவிட்டது. ஒன்பது வயது மகளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை அடுத்த தெருக்காரர் வண்டி கொடுத்தார். வியாழனுக்கு ஆள் இல்லை. அன்றைக்குப் புதன்.

வரிசையின் கடைசியில் அதே மாடல். வெள்ளை.

"ஒரு கீறல்கூட இல்லையே. எதுக்கு உடைக்கக் கொடுத்தாங்க?"

"உங்களுக்குப் பேட்டரி வேணுமா, கதை வேணுமா?" என்றார் கடைக்காரர். "பேட்டரியோட ஆரஞ்சுப் பிளக்கைப் பிடுங்கிப் பையில போட்டுக்குங்க. பத்து நிமிஷம் எதையும் தொடாதீங்க. மிச்சக் கரண்ட் இறங்கணும். அவசரப்பட்டீங்க, உங்களையும் சேர்த்துத்தான் உடைக்கணும்."

சாப்பிடப் போய்விட்டார்.

இவர் பிளக்கைப் பிடுங்கினார். நிழலுக்காக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சூடேறிய பிளாஸ்டிக் வாடை... அதற்கடியில் புளித்த பால் வாடை.

மூன்று நிமிடம்... நான்கு... கண் அசந்தது.

இந்த வண்டிகளில் ஒரு விஷயம். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். ஓடுகிறதா, நின்றுவிட்டதா, காதுக்குத் தெரியாது. ஒவ்வொரு சிக்னலிலும் மகள் பின்னாலிருந்து கேட்பாள். அவர் திரும்பாமலே பதில் சொல்வார். வாய்க்குப் பழகிய பதில்.

"அப்பா, வண்டி செத்துப்போச்சா?"

"இல்லடா செல்லம். தூங்குது."

சொன்ன பிறகுதான் கண் திறந்தது.

பின் சீட்டில் யாரும் இல்லை. அதன் ஓரத்தில், பேட்டரிக்குக் காற்றிழுக்கும் சின்ன ஃபேன்... ஸ்ஸ்ஸ்... நின்றது. மறுபடியும் ஸ்ஸ்ஸ்... வாயால் மூச்சு வாங்குவதைப் போல. முன்பக்கத்துச் சின்னப் பேட்டரியை எப்போதோ கழற்றியிருந்தார்கள். பெரியதன் பிளக் அவர் சட்டைப் பையில்.

ஓடியிருக்கலாம். ஆனால் விடிந்தால் வியாழன்.

பின் சீட்டைத் தூக்கினால்தான் பேட்டரி வெளியே வரும். தூக்கினார். வெறும் மெத்தை. ஒரு பிள்ளையின் கனம் கனத்தது.

அவர் பிடியை விடவில்லை. கழற்றினார்.

மறுநாள் வண்டி ஓடியது. எப்போதும் நடுவில் உட்காருகிற மகள் அன்றைக்கு ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டாள். சிக்னல்களில் வண்டி அணைந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசல். வண்டியைப் பூட்டிவிட்டு நடந்தார்கள். பாதி வழியில் அவள் நின்றாள்.

"அப்பா, ஏசியைப் போட்டுட்டு வந்தீங்களா?"

"எதுக்குடா? உள்ள யாரும் இல்லையே."

அவள் வண்டியையே பார்த்தாள்.

"அவளை உள்ள விட்டுட்டுப் போனப்ப, அவளோட அப்பா போட்டாச்சுன்னு நெனச்சுட்டாராம்."

அவர் திரும்பிப் போனார். கதவைத் திறந்து, குனிந்து, பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. ஓடுகிறதா என்று தெரியவில்லை. காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார்.

மெல்லக் குளிர்ந்தது.

அவர் கைக்குப் பக்கத்தில்... இன்னொரு உள்ளங்கை. சின்னது. அதுவும் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.