திரைக்கு முன்னால் இரண்டு சீட்டு

"ஹலோ… ஆங், சொல்லுங்கக்கா… கேக்குது, கேக்குது… இல்ல, துணி தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்… பாப்பா யூனிஃபார்ம்தான்… ஆமா, டிக்கெட் வந்துச்சு… பார்த்தேன்க்கா, ரெண்டும் பிசினஸ் கிளாஸ்… ஐயோ, பிடிக்கலன்னு யாரு சொன்னா?… ரொம்ப சந்தோஷம்… சந்தோஷமாத்தான் பேசுறேன், என் குரலே இப்படித்தான்…"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சின்னப் பாவாடையின் மடிப்பில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினான் அவன். மறுமுனையில் அவன் மனைவியின் அக்கா. பாப்பாவுக்குப் பெரியம்மா. பள்ளி லீவுக்கு அப்பனும் மகளும் தன் வீட்டில் வந்து இருக்கட்டும் என்று, கணவர் விமானம் ஏறி ஏறிச் சேர்த்துவைத்த புள்ளிகளை வாரிப் போட்டு டிக்கெட் எடுத்திருந்தாள். விமானத்தின் மூக்குப் பக்கம், திரைக்கு முன்னால், இரண்டு சீட்டு.

அவனுக்கு வேண்டியது திரைக்குப் பின்னால் இரண்டு சீட்டு. இன்று சாயந்தரத்துக்குள் மாற்றினால் உண்டு. காரணத்தை மட்டும் சொல்ல முடியாது.

"அதில்லக்கா… எங்களுக்கு எகானமி போதும்… கூச்சமெல்லாம் இல்ல, வசதிக்காகத்தான் சொல்றேன்… ஆமா, வசதிக்காக எகானமி… சிரிக்காதீங்க. என் தொழிலே இதுதானே?…"

தொழில் அதுதான். எந்த விமானத்தில் முட்டி இடிக்கும், எந்த விமானத்தில் ரொட்டி கல்லாகும், தலையணை கேட்டால் எவன் முறைப்பான் என்று ஒரு பயணத் தளத்தில் மார்க் போட்டு எழுதுகிறவன் அவன். பிசினஸ் கிளாஸின் அருமை பெருமைகளை எழுதித்தான் வீட்டு வாடகை கட்டுகிறான். இப்போது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துகொண்டிருந்தான்.

"சீட்டு பெருசா இருந்தா நல்லதுன்னு யாரு சொன்னா?… அக்கா, பாப்பாவுக்கு ஆறு வயசு. அதுல உக்கார வச்சா கிணத்துல போட்ட கல்லுதான், எங்க இருக்கான்னு தேடணும்… ரெண்டு சீட்டுக்கும் நடுவுல சுவரு வேற. என் கை கூட எட்டாது… ஆமா, பின்னாடின்னா ஒட்டி உக்காருவா. தோள்ல சாஞ்சு தூங்குவா… சாப்பாடா? சாப்பாட்டப் பத்தி நீங்க என்கிட்ட சொல்றீங்க… பீங்கான் தட்டு, துணி விரிப்பு, மூணு முள்கரண்டி. இவ ஒரு கரண்டிக்கே ஊரைக் கூட்டுவா… முதல்ல சூப்பு. அப்புறம் ரொட்டி. அப்புறம் 'இன்னும் என்ன வேணும் சார்'னு ஒரு விசாரிப்பு. பசிக்கிற பிள்ளைக்கு எதுக்குக்கா விசாரிப்பு?… பின்னாடி ஒரே தட்டு, ஒரே மூடி. திறந்தா ஆம்லெட். முடிஞ்சுபோச்சு…"

மூச்சு விட நிறுத்தினான். பக்கத்து அறையில் பாப்பா பையின் ஜிப்பை இழுத்துத் திறப்பதும் மூடுவதும் கேட்டது. புறப்பட இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவள் மூன்றாம் முறையாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவின் அம்மா விமானப் பணிப்பெண். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அன்றைக்குப் பாப்பா கேட்டபோது, 'அம்மா டியூட்டிக்குப் போயிருக்கா, ரொம்ப தூரம்' என்றான். ஒரு ராத்திரியை ஓட்டுவதற்கான பொய் அது. அது பாட்டுக்கு மாதக்கணக்கில் ஓடியது. அப்புறம் வேலை விஷயமாக இவளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டிவந்தது. வண்டி தள்ளி வந்த ஒவ்வொரு முகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா எங்கே என்றாள் அவள். எதிரே திரை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் காட்டினான். 'அம்மாவுக்கு அந்தப் பக்கம் டியூட்டி. பிசினஸ் கிளாஸ். நம்ம டிக்கெட்டுக்கு அங்க விடமாட்டாங்க.'

வழி நெடுக அவள் அந்தத் திரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தாள். எகானமி கிளாஸில் அவ்வளவு சந்தோஷமாகப் பயணம் செய்த ஒரு ஜீவனை அவன் தன் தொழிலில் பார்த்ததில்லை.

அக்காவிடம், 'பாப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன், நீங்க பேச்சை எடுக்காதீங்க' என்றிருந்தான். பாப்பாவிடம், 'பெரியம்மாகிட்ட அம்மாவைப் பத்திக் கேக்காத, அழுதுருவாங்க' என்றிருந்தான். இரண்டு வாய்க்கும் பூட்டு. சாவி அவனிடம். இப்போது அக்கா, பாவம், பிரியத்தில் கதவையே பெயர்த்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

"யாரு, கிளிக்காரனா?… வேணாம்க்கா, அவன் பிசினஸ்ல போர்வை சொரசொரன்னு இருக்கும்… வாத்துக்காரனா? சிரிப்பெல்லாம் முதல் அரை மணி நேரத்துக்குத்தான். அப்புறம் மணியடிச்சா மணிதான் கேக்கும்… நீலவாலா… நீலவால்ல எகானமி தங்கம்க்கா. நிஜமாவே… பிசினஸா? அது… அது இன்னும் நான் பார்க்கல…"

கிளி, வாத்து, நீலவால் எல்லாம் விமானங்களின் வாலில் இருந்த படங்களைப் பார்த்து அவன் மனைவி சூட்டிய பெயர்கள். அந்தக் குடும்பத்தில் வேறு பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. தான் வேலை பார்த்த கம்பெனிக்கு அவள் வைத்த பெயர் 'மாமியார் வீடு'.

"தெரியும்க்கா, மாமியார் வீட்டுலதான் போட்டிருக்கீங்க… நல்லா கவனிப்பாங்கதான்… அவளோட வேலை பார்த்தவங்க இருப்பாங்க, ஆமா… அதுக்காகத்தான் எடுத்தீங்களா… இல்ல, ஒண்ணுமில்ல. இஸ்திரிப் பெட்டி சூடு…"

பின்னால் முந்நூறு தலைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளலாம். முன்னால் இருப்பதே இருபது சீட்டு. பேர் தெரிந்து, பக்கத்தில் வந்து குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, கண்கலங்க விசாரிப்பார்கள். மாமியார் வீட்டின் சேவைக்கு அவனே பத்துக்கு ஒன்பது போட்டிருந்தான்.

"யாரு, அண்ணன் பேசுறாரா?… குடுங்க… வணக்கம்ண்ணே… ஆமாண்ணே, காலை நீட்டலாம்… படுக்கையாவே மாறும், தெரியும்… நானே எழுதியிருக்கேண்ணே… ஓ, அந்தப் பைஜாமாவா? இன்னுமா வச்சிருக்கீங்க?… இப்பப் போட்டிருக்கீங்களா… ம்… செருப்பும் குடுத்தாங்களா… ம்… ம்… வெந்நீர்ல நனைச்ச துண்டு, ஆமா… மூஞ்சி துடைக்கத்தான்ண்ணே அது… பரவால்ல, யாரு பார்த்தா…"

சகலை ஆயுளில் ஒரே ஒரு தடவை, கம்பெனி செலவில், முன்னால் உட்கார்ந்து போனவர். அந்த விமானம் இன்னும் தரையிறங்கவில்லை.

"இல்லண்ணே, சுவரு பெரிசில்ல… சாப்பாடும் பெரிசில்ல… குறை சொல்லணும்னு சொல்லல… என்னது? ஃபர்ஸ்ட் கிளாஸா?… ஐயோ, வேணாம்ண்ணே!… இன்னும் கொஞ்சம் புள்ளி இருக்கா… இருக்கட்டும், உங்களுக்கு வச்சுக்கோங்க… கதவு வச்ச ரூமா? அதுக்கு நாங்க வீட்டுலயே இருந்துக்கலாமே… தயவுசெஞ்சு அந்தப் பொத்தானை அமுக்கிடாதீங்க… அக்காகிட்ட குடுங்க. குடுங்கண்ணே…"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. குறை சொல்லச் சொல்ல அவர்கள் அவனை மேலே மேலே ஏற்றினார்கள்.

"அக்கா… ஆமா… சார்ஜ் கம்மியா? வயரைப் போட்டுட்டுப் பேசுங்க… எட்டலையா… ஸ்டூல் மேல ஏறாதீங்கக்கா!… சரி, சுருக்கமா சொல்றேன். எகானமிக்கு மாத்திடுங்க, அவ்ளோதான்… கோபமில்ல… உங்க பிரியத்தை நான் குறை சொல்வேனா?… இல்லக்கா… இல்ல… அதில்ல…"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். மறுமுனையில் குரல் மாறியிருந்தது.

"…ம்… ஆமா. நினைப்பு வரும்தான்… அங்க நின்னு வேலை பார்த்தவ, வராம எப்படி?… எனக்காக இல்லக்கா. நான் எங்க வேணா உக்காருவேன், றெக்கை மேலகூட… பாப்பாவுக்காக… இல்ல, அவ தாங்கிக்கலன்னு இல்ல… அவ நல்லாத்தான் இருக்கா. அதுதான் பிரச்சனையே… அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க… பாப்பாகிட்ட நான் இன்னும்…"

வாசலில் பாப்பா நின்றாள். தோளில் பை. கழுத்தில் அவள் அம்மா டியூட்டிக்குக் கட்டிப்போகும் கழுத்துத் துணி, இரண்டு சுற்று சுற்றியும் முட்டிவரை தொங்கியது. தலையைத் தானே வாரியிருந்தாள். வகிடு காதுக்குப் போயிருந்தது.

"அப்பா, முன்னாடி சீட்டா?"

அவன் பாவாடையின் மடிப்பைக் கையால் நீவினான்.

"திரைக்கு அந்தப் பக்கமா? அம்மா இருக்கிற பக்கமா?"

"…ஆங், அக்கா, என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்… வெண்ணெய்! அந்த வெண்ணெய் இருக்கே, ஐஸ்ல வச்சு கல்லாக்கித் தர்றாங்க. கத்தியே இறங்காது… ஆமா… அதத்தான்…"

காதுக்குள் மூன்று முறை 'டொக்' என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. அக்காவின் போனில் சார்ஜ் போய்விட்டது. அவன் போனை இறக்கவில்லை. இறக்கினால் இவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பாப்பா காத்திருந்தாள். பெரியவர்கள் போனில் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தது அவள் அம்மா.

அவன் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஆமாக்கா… பாப்பா இங்கதான் நிக்கிறா… கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா… இல்லக்கா. முன்னாடி இல்ல… பின்னாடியும் இல்ல… எந்த ஃப்ளைட்லயும் இல்ல. அவ டியூட்டிக்குப் போகல… செத்துப்போயிட்டாக்கா… ஆமா. மழைக்காலத்துல. ஆஸ்பத்திரியில… பாப்பாகிட்ட நான் சொல்லல. அந்தப் பக்கம் இருக்கான்னு பொய் சொன்னேன்… அவ கையாட்டிக்கிட்டே வந்தா… ஆமா… தப்புதான்…"

இடைவெளிகளைச் சரியாக விட்டான். எதிர்முனையில் ஆள் இல்லாதது வசதியாக இருந்தது. வசதிக்கு மார்க் போடுகிறவனுக்கு அது தெரியாதா?

பாப்பா பையைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து கையை நீட்டினாள்.

"குடுப்பா."

கொடுத்தான். அவள் அதைக் காதில் வைத்து, பெரியவர்கள் செய்கிற மாதிரி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"ஹலோ, பெரியம்மா… ம்… கேட்டேன்… ம்… ம்…" நீண்ட நேரம் எதையோ கவனமாகக் கேட்டாள். "பெரியம்மா, அம்மாவுக்குக் காய்ச்சல் போகவே இல்லையா?"

போன் பதில் சொல்லவில்லை.

"போகலம்மா," என்றான் அவன், அவள் முதுகைப் பார்த்து.

"போகலையாம்," என்றாள் அவள் போனிடம்.

துணியின் நுனி அவள் வாய்க்குள் போனது. தோள் குலுங்கியது.

"இல்ல பெரியம்மா… நான் அழல… அப்பாதான் அழுறாரு…"

அவன் கண் மனைவி போன நாளிலிருந்து காய்ந்துதான் கிடந்தது. இருந்தாலும் மறுக்கவில்லை. கீழே உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். போன் அவள் காதிலேயே இருந்தது.

அது மணியடித்தது.

அவள் திடுக்கிட்டு அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். மறுபடி காதில் வைத்து, "பெரியம்மா, ஒரு நிமிஷம் இருங்க, வேற யாரோ கூப்பிடுறாங்க," என்று சொல்லிவிட்டு, அவனிடம் நீட்டினாள்.

திரையில் சகலையின் பெயர்.

"ஹலோ… சொல்லுங்கக்கா… ஆமா, சார்ஜ் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது… அண்ணன் போனா… இல்ல, ஒண்ணும் ஆகல… இங்கதான் இருக்கா, மடியில… பேசுவா, கொஞ்ச நேரம் கழிச்சு… அதுவா? நேர்ல வந்து சொல்றேன்க்கா. நீங்க என்ன திட்டணுமோ திட்டுங்க… டிக்கெட்டா?… மாத்த வேணாம்… ஆமா, வேணாம்னுதான் சொல்றேன்… இருக்கட்டும், முன்னாடியே உக்காந்துக்கறோம்… வெண்ணெய் பரவால்ல… சுவரா?…"

பாப்பா அண்ணாந்து பார்த்தாள். அவள் தலை வகிட்டை அவன் விரலால் நேராக்கினான்.

"…நடுச் சீட்டுன்னா அந்தச் சுவரைக் கீழ இறக்கிடலாம்க்கா. பக்கத்துலயே ஒரு பொத்தான் இருக்கு… ஆமா. முதல்லயே தெரியும்… நான்தான் சொல்லல… வைக்கிறேன்க்கா."