வெள்ளிக்கிழமை வேந்தருக்குப் பொறாமையோடு ஒரு விடை

தோர்ன்டேல் தொழிலாளர் கல்விக் கழகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இயற்பியல் விரிவுரையாளராக விளங்கி ஓய்வுபெறும் உயர்திரு செப்டிமஸ் ஹோல்ராய்ட் அவர்களுக்கு, உடன் உழைத்த ஆசிரியர்கள் உவந்தும் உவவாமலும் வாசித்தளிக்கும் மடல்.

ஒலிக்கு உருவம் கொடுத்த உத்தமரே! சோப்புக் குமிழிக்குள் வானவில்லைச் சிறைப்பிடித்த வித்தகரே! பகலெல்லாம் தறியருகே நின்று கால் கடுத்தவர்களை, இரவில் மேலும் இரண்டு மணி நேரம் நிற்கவைத்தும் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்பிய சீராளரே! எங்கள் வகுப்பறைகளை வாரந்தோறும் காலிசெய்து கொடுத்த கருணைக் கடலே! வணக்கம்.

இம்மடலின் முதற்படியில், 'அழுக்காறு சிறிதுமின்றி, அகமும் முகமும் மலர' என்றொரு அழகிய தொடர் இருந்தது. எல்லோரும் கையொப்பமிட்டோம். வேதியியல் விரிவுரையாளர் எப்ராயிம் கிளெக் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அழுக்காறு சிறிதுமின்றியா? யாருக்குய்யா இல்ல? உமக்கா, எனக்கா? பொய்க்குக் கீழ என் பேரப் போடமாட்டேன்."

"ஒரு மரியாதைக்கு எழுதறதுதானே, கிளெக்?" என்றார் லத்தீன் ஆசிரியர் பிக்கர்ஸ்கில்.

"மரியாதைக்குத்தான் வெள்ளித் தேநீர்க் கெண்டி வாங்கியாச்சே! காகிதத்துலயாவது உண்மைய எழுதுங்க. என் கதையவே எழுதுங்க, எனக்கென்ன? ஊருக்குத் தெரியாத ரகசியமா அது?"

ஆசிரியர் ஒருவர் விடுபட்ட மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவது தோர்ன்டேலில் வழக்கமன்று. ஆகவே அந்தத் தொடரை நீக்கி, 'பொறாமை' என்ற சொல்லையே பொன் மையால் தீட்டச் சொல்லி, கிளெக்கின் கதையை அவர் அனுமதியோடு இங்கே பொறிக்கிறோம். அவர் ஒருவர் கதையாயினும் எங்கள் அனைவரின் நெஞ்சும் அதில் எரிவதைத் தாங்கள் காணலாம்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மாடியிலுள்ள பெரிய மண்டபம் தங்களுடையது. அதே வேளையில், அதற்கு நேர் கீழே உள்ள சிறிய அறை கிளெக்குடையது. தங்களுக்குக் கைதட்டல் எழும்போதெல்லாம் அவருடைய கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவர் கண்ணாடிக் குடுவைகளில் விழும். எத்தனையோ தெளிந்த கரைசல்கள் தங்கள் புகழால் கலங்கின! மேலே எத்தகைய வித்தை நடந்தது என்பதைக் கீழே விழும் சுண்ணாம்பின் அளவைக் கொண்டே கிளெக் கணித்துவிடுவார். காந்தத்துக்கு ஒரு சிட்டிகை, மின்பொறிக்கு ஒரு கைப்பிடி.

கிளெக்கின் இல்லத்தரசி டோர்கஸ் அம்மையார் தங்கள் விரிவுரை ஒன்றையும் தவறவிட்டவர் அல்லர். அந்தப் பழக்கம் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, அவர் வெளியே கிளம்பத் தொப்பி அணிவதைக் கண்டு கிளெக் மகிழ்ந்துபோனாராம். அம்மையாரே எங்களுக்குச் சொன்னது இது.

"எங்க கிளம்பிட்டே? என் பேச்சுக்கா?"

"இல்லீங்க, மேல. இன்னைக்கு ஹோல்ராய்ட் ஐயா தீயை ஆடவைக்கப் போறாராம்."

"அதே நேரத்துல கீழ நானும் பேசறேன்டி!"

"உங்க பேச்சத்தான் தெனமும் வீட்டுல கேக்கறேனே."

அன்று கிளெக்கின் அறைக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவரும் மாடிப்படி எங்கே என்று கேட்க வந்தவர். கிளெக் அவருக்கு வழிகாட்டினார். பிறகு விளக்கை அணைத்தார். பிறகு தாமும் அதே படியில் ஏறிப்போய், மேல்தள இருக்கைகளின் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அறிவியல் ஆர்வத்தால் அல்ல என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

மண்டபத்து விளக்குகள் தணிந்திருந்தன. மேசைமேல் ஒற்றை வாயுச் சுடர் முழங்கை உயரத்துக்கு, ஊசிபோல் ஒல்லியாக, அசையாமல் நின்றது. தாங்கள் சாவிக்கொத்தை மெல்லக் குலுக்கினீர்கள். சுடர் அஞ்சி, பாதியாகக் குறுகிப் படபடத்தது. குலுக்கலை நிறுத்தினீர்கள். நிமிர்ந்து நின்றது. மண்டபம் மூச்சுவிட மறந்தது. டோர்கஸ் அம்மையார் முன்வரிசையில் வாய் பிளந்து அமர்ந்திருந்தார். திருமணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படியொரு வியப்பைக் கிளெக் கண்டதில்லை. அவர் வயிற்றில் ஒரு அமிலம் பொங்கியது. அதன் பெயரை அவரால் சொல்ல முடியும். ஆனால் அது வேதியியல் நூல்களில் இல்லை.

பேச்சாளரை இகழ இவ்வூரார் செய்வதையே அவரும் செய்தார். பல்லிடுக்கில் காற்றை நெருக்கி, "ஸ்ஸ்ஸ்" என்று சீறினார்.

சாவிக்கொத்துக்குப் பாதி குறுகிய சுடர், கிளெக்கின் சீறலுக்கு அடியோடு மண்டியிட்டது. மண்டபம் ஆர்ப்பரித்தது! சுடரை வெல்வதற்குச் சீறலைவிடச் சிறந்த ஒலி இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"மேல யாரோ ஒரு நல்ல மனுஷர் நமக்கு ஒத்தாசை பண்றார்," என்றீர்கள் தாங்கள். "ஐயா, இன்னொரு தடவ, கொஞ்சம் நீளமா!"

கோபத்தில் கிளெக் நீளமாகவே சீறினார். சுடர் நீளமாகவே பணிந்தது.

"அட, நம்ம கிளெக் வாத்தியாருய்யா!" என்று பக்கத்தில் நின்ற சாயப்பட்டறைத் தொழிலாளி அவர் முதுகில் அறைந்தார். "இந்த வித்தைய இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

மண்டபமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. கிளெக் தம் வாழ்நாளில் பெற்ற முதற் கைதட்டல் அது. தங்களை இகழ்ந்ததற்காகக் கிடைத்தது, தங்கள் புகழிலேயே சேர்ந்துகொண்டது! அதன்பின் சுடர்க்காட்சி அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும், "கிளெக் வருவாரா?" என்று ஊர் கேட்டது. சுவரொட்டியில் தங்கள் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், அவர் பெயரும் ஏறியது. அவர் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். பசித்தவன் விருந்தின் வாசனையைத் திட்டலாம், வாசலைத் தாண்டிப்போக முடியுமோ?

பெரியீர்! தாங்கள் ஓய்வுபெறப் போவதாக அறிவித்ததும் நிர்வாகக் குழு வெள்ளிக்கிழமை மண்டபத்தைக் கிளெக்குக்கு வழங்கியது. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தது: கூட்டம் நிலைத்தால் அவருக்கு, கலைந்தால் பித்தளை வாத்தியக் குழுவின் ஒத்திகைக்கு. கடந்த வெள்ளியன்று முதல் விரிவுரை. வேதியியல் தறியையும் பட்டறையையும் தொடுவதற்கு முன்னமே மனித வயிற்றைத் தொட்ட கலை என்று நம்பும் அவர், ரொட்டியைப் பற்றிப் பேச வந்தார். ஆனால் எழுதிவந்த தாளிலிருந்து தலை தூக்கவில்லை. முதற் பக்கம் முடிவதற்குள் மேலங்கிகளைத் தேடும் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் வாத்தியக் குழுத் தலைவர் நாற்காலிகளைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

அப்போது முன்வரிசையிலிருந்து தாங்கள் எழுந்தீர்கள்.

"கிளெக், ஒரு சந்தேகம். மாவைப் பெசஞ்சு அடுப்புப் பக்கத்துல வெச்சா பொங்குது. குளிர்ல வெச்சா ஏன் சும்மா கெடக்குது?"

கிளெக் எரிந்து விழுந்தார். "இதுகூடவா தெரியாது உமக்கு? உள்ள இருக்கிற ஈஸ்ட் உசிருள்ளதுய்யா! சனவரி காலையில உம்மாலயே போர்வைய விட்டு எந்திரிக்க முடியல, அது மட்டும் எந்திரிச்சு வேலை பாக்கணுமா?"

மண்டபம் சிரித்தது. கிளெக் திகைத்துத் தாளைத் தேடினார். அது மேசைக்கடியில் விழுந்திருந்தது. குனியவில்லை. பேசினார். மாவுக்குள் விழித்தெழும் சிற்றுயிர்களை, அவை சர்க்கரையைத் தின்று வெளிவிடும் மூச்சை, அந்த மூச்சைப் பொத்திவைக்கும் மாவின் பிடிவாதத்தைப் பேசினார். "அப்போ என் ரொட்டி ஏன் கல்லு மாதிரி வருது?" என்று ஒரு பெண் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் பல்லு கெட்டியாகட்டும்னுதான்," என்று பதில் வந்தது. கிளெக்கின் வாயிலிருந்தா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேலங்கிகள் மறுபடி மடிக்கு வந்தன.

அவர் மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"இன்னைக்கு நெசமாவே நல்லாப் பேசினீங்க," என்றாராம் டோர்கஸ் அம்மையார், வீடு திரும்பும் வழியில்.

"பதில் தெரியாமயா அந்த ஆளு கேட்டான்? எனக்குப் பிச்ச போட்டுட்டுப் போறான்டி!"

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"வாங்கிக்கிட்டேனே! அதான் எரியுது."

மறுநாள் ஆசிரியர் அறையில் தாங்கள், "இனி எனக்கென்ன வேலை? வெள்ளிக்கிழமைன்னா முன்வரிசைதான்," என்று மலர்ந்தீர்கள். நாங்கள் கைதட்டினோம். கிளெக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததைத் தாங்கள் கவனிக்கவில்லை. தாங்கள் வெளியேறியதும் அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"கையெழுத்துப் போடறேன். ஆனா மடல்ல ஒண்ணு சேருங்க. அந்த மனுஷன் வெள்ளிக்கிழமை வரக்கூடாது. முன்வரிசையிலயும் கூடாது, தூணுக்குப் பின்னாலயும் கூடாது. விழுந்தா நானே விழறேன். நின்னா, நானா நின்னதா இருக்கட்டும்."

"ஆயுசுக்கும் வரக்கூடாதா?" என்றார் பிக்கர்ஸ்கில்.

கிளெக் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்த மண்டபத்த நான் தனியா ஜெயிக்கணும். அப்புறம் வந்து ஒக்காந்து பாக்கட்டும். அவன் பாக்கலேன்னா ஜெயிச்சு என்னய்யா பிரயோசனம்? அதுவரைக்கும் உசிரோட இருக்கச் சொல்லுங்க."

ஆகவே, அறிவை விருந்தாக்கிய அண்ணலே! எங்கள் நெஞ்சைப் புகைய வைத்த பெருந்தகையே! தங்கள் மார்பில் சளி அண்டாதிருக்கட்டும். முழங்கால்கள் மாடிப்படிக்கு அஞ்சாதிருக்கட்டும். செவியும் கண்ணும் கூர் மழுங்காதிருக்கட்டும். நாங்கள் கிளெக்கை நன்கு அறிவோம். அவர் சொன்ன அந்த நாள் அண்மையில் இல்லை. எனவே தங்களுக்கு மிக மிக நீண்ட ஆயுளை வேண்டி, தலைதாழ்த்தி விடைதருகிறோம்.

தோர்ன்டேல், 1884 மார்ச்

இங்ஙனம்,
எப்ராயிம் கிளெக், வேதியியல்
மற்றும் அவரைப் போன்றே பொறாமை குன்றாத ஏனைய ஆசிரியர்கள்