ஏழாம் நம்பர் மலையின் சிவப்புத் துணி

2024 மார்ச் 14, வியாழன். இன்றைய பிழை: வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெயைக் கூடுதலாகக் கலந்துவிட்டேன். கூடையின் பழுப்பு இன்னும் காயவில்லை.

அன்றைய பிழையை முதல் வரியில் எழுத வேண்டும் என்பது பதுளை மாலை ஓவிய வகுப்பில் சரோஜாதேவி மிஸ் வைத்த வழக்கம். ஒன்றரை வருடமாக அப்படியே செய்கிறேன். என் கண்மீது எனக்கு நம்பிக்கை குறைவு. எழுதி வைத்தால்தான் எதையும் நம்புவேன்.

கண்காட்சிக்கு ஒரே கென்வஸில் நிலம், காட்டு உயிர், மனித உருவம் மூன்றும் வேண்டும் என்றார் மிஸ். மற்றவர்கள் ஃபோனைப் பார்த்துச் சிறுத்தை வரைந்தார்கள். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில், சவுக்கு மரத்தில் தொங்கிய குளவிக் கூட்டை எடுத்துக்கொண்டேன்.

கூட்டைக் கண்ட அன்றே, கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்க்கும் வீரய்யா கங்காணி அந்த மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். குளவிக்குப் புகை போட ஆள் வரும்வரை அந்த நிரையில் யாரும் கொழுந்து எடுக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். நானும் துணியோடுதான் வரைந்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மிஸ் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு கண்ணை இழுக்குது, தம்பி. கூட்டைப் பாக்க விடுதில்லை."

"அப்ப துணிய விட்டுட்டு வரையவா மிஸ்?"

"கண்ணுக்கு முன்னால இருக்கிறதை மறைச்சுக் கீறினால் அது பொய்யெல்லோ?"

பஸ்ஸில் வீடு வரும்வரை யோசித்தேன். இரண்டும் நியாயமாகவே பட்டன. மறுநாள் காலை ஆறு பத்துக்குத் துணியை அவிழ்த்தேன். இல்லாததை வரையாமல் விடுவது பொய் ஆகாது. பச்சையை முடித்ததும் திரும்பக் கட்ட வேண்டும் என்று இதே கொப்பியில் குறித்தும் இருக்கிறேன். பச்சை இரண்டு நாள் எடுத்தது.

முதல் நாள் அந்த மலையில் கொழுந்து எடுக்கவில்லை. இரண்டாம் நாள் எடுத்தார்கள், வீரய்யாவுக்கு வேறு மலையில் வேலை. துணி இல்லாததால் பெண்கள் அந்த நிரையிலும் இறங்கினார்கள். நான் மேலே ரோட்டில் இருந்தேன். முன்னால் போனது பாக்கியலெட்சுமி அக்கா. தலையில் கூடைக் கயிறு, நீலச் சேலை, பின்னால் பச்சை. படத்தில் இல்லாதிருந்த உருவம் சரியான இடத்தில் வந்து நின்றது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், நிலை கலைந்துவிடும். ஆகவே கூப்பிடவில்லை. பென்சிலை எடுத்தேன். அக்காவின் கைகள் கூடு தொங்கிய கிளையில் படும்வரை நான்கு நிமிடம் கிடைத்தது.

எட்டுப் பேருக்குக் கொட்டியது. ஏழு பேர் வீடு திரும்பினார்கள்.

துணி கட்டவில்லை என்று வீரய்யாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை பத்து மணிக்குத் தோட்ட ஆபீஸில் விசாரணை. நேற்று எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நான் கட்டினேன்ல தம்பி? நீ அங்கதான ஒக்காந்து படம் போட்ட. பாத்தேல்ல?"

"யோசிச்சுப் பாக்குறேன் கங்காணி."

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?"

அவர் வெகுநேரம் வாசலில் நின்றார். எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். கொப்பியில் அப்படி எதுவும் எழுதவில்லை.

நான்கு நிமிடப் பென்சில் கோடு வண்ணத்துக்குப் போதாது. ஆகவே அக்காவின் மகள் விதுஷாவைக் கேட்டேன். இன்று தாயின் நீலச் சேலையைக் கட்டி, கூடையும் போட்டுக்கொண்டு ஏழாம் நம்பரில் வந்து நின்றாள்.

"அந்த ஆளு துணி கட்டியிருந்தா அம்மா இருந்திருக்கும், இல்லண்ணே?"

"கழுத்தக் கொஞ்சம் எடப்பக்கம் திருப்பும்மா."

திருப்பினாள். சற்றுக் கழித்து, "மொகம் அம்மா மாதிரியே வருமாண்ணே?" என்றாள்.

"வரும்" என்றேன். சாயல் அப்படியே இருக்கிறது.

நாளைய வேலை: சேலையின் நீலம். வெளிச்சம் பத்து மணிக்குத்தான் சரியாக விழுகிறது, அதனால் விசாரணைக்குப் போக முடியாது. பிரஷ் துடைக்க வேறு துணி எடுத்து வைக்க வேண்டும். சிவப்புத் துணியில் இனித் துடைக்க இடமில்லை.