பேர் சொல்லிக் கூப்பிட்டான்

இல்ல டாக்டரம்மா, பைத்தியமெல்லாம் இல்ல. நெஞ்சு அடைக்குது, தூக்கம் வரல, அவ்ளோதான். அத மட்டும் எழுதிக் குடுங்க, கோழி ஆலைல மறுபடி வேலைக்கு விட்ருவாங்க.

யார் அனுப்பினதா? கம்பெனிதான். அனுப்ப வெச்சவன் நிக்கானோர். எம் மகளுக்கு ஞானத்தகப்பனா நின்னவன். அன்னைலேருந்து அவனுக்கு நான் கொம்பாத்ரே, எனக்கு அவன் கொம்பாத்ரே, கூடப்பொறந்தவன் மாதிரி ஒரு உறவு. அப்புறம் நாங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டதே இல்ல. நீங்க இங்க அமெரிக்காவுலேயே பொறந்தவங்க, நம்ம பக்கத்துலேருந்து வந்த உங்கப்பாவக் கேட்டுப் பாருங்க, சொல்வாரு.

ஹோண்டுராஸ்லேருந்து ஒண்ணாத்தான் ஆர்கன்சா வந்தோம். பதினோரு வருஷம் ஆச்சு. ஆலைல நான் கறி அறுக்கிற வரிசை. பழைய மேஸ்திரிக்கு நாங்க எல்லாருமே மெக்சிகோக்காரங்கதான். நம்ம ஸ்பானிஷ் பாஷைல ஒரு வார்த்த பேசினா, குரைக்காதேம்பான். மீசைய எடுத்தேன். சத்தமா சிரிக்கிறத விட்டேன். அப்பவும் கடைக்குப் போனா பின்னாடியே ஒருத்தன் வரான், என்னமோ திருட வந்த மாதிரி.

ஞாயித்துக்கிழமன்னா நானும் அவனும் மாத்தி மாத்தி முடி வெட்டிக்குவோம். அப்படி ஒரு நாள் தலையக் குனிஞ்சுட்டு இருக்கறப்ப வாய்விட்டுச் சொல்லிட்டேன். கக்கூஸ்ல போய் அழறேன் கொம்பாத்ரே, சில நேரம் கையில இருக்கிற கத்தியப் பாத்தாலே பயமா இருக்குன்னு. கத்தரிய நிறுத்திட்டு, நான் இருக்கேன்னான். நம்பினேன், முட்டாப்பய.

மறு மாசம் அவன மேஸ்திரி ஆக்கினாங்க. மொத வேலையா மேல போய், இவன் கையில கத்தி குடுக்கக்கூடாதுன்னு சொல்லிருக்கான். அப்புறம் வரிசையே பாத்துட்டு நிக்க, எங்கிட்ட வந்தான். எவரிஸ்தோ, கத்திய வெச்சுட்டு வெளிய போ. இங்கிலீஷ்ல. எவரிஸ்தோவாம்.

என் நல்லதுக்கா? அப்ப வீட்டுக்கு வந்து சொல்லிருக்கலாம்ல? பயந்துட்டான். இந்த ஊர்க்காரங்கள மாதிரி ஆயிட்டா தன்ன விட்டுடுவாங்கன்னு நெனச்சுட்டான். பழைய மேஸ்திரி திட்டினது தோலோட போச்சும்மா, இது உள்ள போயிடுச்சு. துரோகி. சொல்லும்போதே அடைக்குது பாருங்க.

முடியா? ஆமா, ரெண்டு மாசமா வளந்து கெடக்கு. வேற யார் கையில தலையக் குடுப்பேன்?

தாள் முழுக்க ரொப்பிட்டேன், பாத்துக்குங்க. கடைசில, ஆபத்துன்னா யாருக்குச் சொல்லணும்னு கேட்ருக்கு. ஆமா, அது அவன் நம்பர்தான். பொண்டாட்டியும் மகளும் ஊர்ல இருக்காங்க, இங்க எனக்கு வேற யாரு? உறவுன்னு போட்ட எடத்துல கொம்பாத்ரேன்னுதான் எழுதிருக்கேன். அந்த வார்த்தைய அடிக்க மனசு வரல, அப்படியே இருக்கட்டும்.