தெரிந்தவர்கள் வலது கை

பயிற்சி மாணவிகள் வரும் பருவத்தில்தான் எங்கள் பள்ளி ஆசிரியைகளுக்குத் தேநீர் சூடு ஆறாமல் குடிக்கக் கிடைக்கும். பி.எட். கல்லூரிப் பெண்கள் வந்து சேர்ந்ததும் வகுப்பை அவர்களிடம் விட்டுவிட்டு எல்லோரும் ஓய்வறைக்குப் போய்விடுவார்கள். நான் போனதில்லை. வழிகாட்டி ஆசிரியை என்று கையெழுத்துப் போடுகிறவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்க வேண்டும்.

கேட்டால் எரிச்சல்தான் வரும். போன வருடத்துக்காரியின் பாடத்திட்டத்தை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். இதயத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டு, "குழந்தைங்களுக்குப் புரிஞ்சிடுச்சு மேடம்" என்பார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவர்களையும் தேர்ச்சி பெறவைத்து அனுப்பியிருக்கிறேன்.

தமிழினி அப்படிப்பட்டவள் இல்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் குரோம்பேட்டைக்கு வருவாள். என் மகள் மாளவிகாவும் அவளும் அந்தக் கல்லூரியில் ஒரே வகுப்பு. முதல் ஆண்டில் மாளவிகா முதலிடம், தமிழினி இரண்டாமிடம். அந்த விடுமுறையில் டெங்கு வந்து மாளவிகா போய்விட்டாள். கல்வி அலுவலகத்திலிருந்து நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் வந்ததால் சொன்னேன்.

தமிழினியின் பாடத்தில் குறை கண்டுபிடிக்க நான் முயன்றேன். அது என் வேலை. குழந்தைகள் மணி அடித்த பிறகும் அவளைச் சுற்றி நிற்பார்கள். பம்மலில் ஒரு பள்ளி, செய்முறைத் தேர்வில் தேறிவிட்டால் ஜூனில் வந்து சேரச் சொல்லியிருந்தது. முட்டி தேய்ந்துபோன அப்பாவை ஆட்டோவை விட்டு இறக்கிவிடலாம் என்று அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். அன்று வகுப்பில் எல்லாக் கைகளும் மேலே போக வேண்டும். அதற்கு எல்லாப் பள்ளியிலும் ஒரு வழக்கம் உண்டு. பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. பாடம் எடுப்பவள் வலது கைகளை மட்டும் எழுப்பிக் கேட்பாள். தமிழினிக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"ஏமாத்துற மாதிரி இருக்கே மேடம். எனக்கு வேணாமே."

"எல்லாரும் செய்யறதுதாம்மா. நான் சொல்றதைக் கேளு."

கேட்டாள். முந்தின நாள் குழந்தைகளுக்கு அவளே ஒத்திகை பார்த்தாள்.

மறுநாள் காலை, தேர்வாளர் தலைமையாசிரியை அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழினி உடன் இருந்து பரிமாறினாள். நான் வகுப்புக்குப் போய், இன்றைக்கு மட்டும் மாற்றம், தெரிந்தவர்கள் இடது கை என்றேன்.

"ரேஷ்மாவோட வலது கைக்கு இன்னைக்குதான்டி வேலை வந்திருக்கு" என்றாள் ஒருத்தி.

"போடீ, உன் வேலைய பாரு" என்றாள் ரேஷ்மா, முந்தின நாள் ஒத்திகை முழுக்க இடது கையே தூக்கியவள். பிறகு என்னைப் பார்த்தாள். "தமிழினி மிஸ்ஸுக்கு இது தெரியுமா மிஸ்?"

"சொல்லிட்டேன். நீ நல்லா உசரமா தூக்கு."

பாடம் ஒளிச்சேர்க்கை. முதல் கேள்விக்கே எல்லாக் கைகளும் எழுந்தன. தமிழினி ரேஷ்மாவை எழுப்பினாள். அந்தப் பெண் எழுந்து நின்று சிரித்தது. பதில் வரவில்லை. அடுத்தவளுக்கும் வரவில்லை, அதற்கடுத்தவளுக்கும் வரவில்லை. தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தக் கிளாஸுக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவள் இடது கைகளைக் கவனித்தாள். நன்றாகப் படிக்கிற பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தாள். நான் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் வலது கைக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தேர்வாளரை ஏமாற்ற வந்தவள் என்று ஆகிவிடும். சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். பாடத்தை அதோடு நிறுத்திவிட்டாள்.

ரேஷ்மா தன் அம்மாவிடம் சொல்லித்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. தமிழினி தேறவில்லை, பம்மல் பள்ளியும் காத்திருக்கவில்லை. இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம். மறுபடி தேர்வு எழுதச் சொன்னால் வகுப்பறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாளாம். குறுக்கு வழியை நம்புகிறவள் ஆசிரியையாகக் கூடாது. ஒரு வழிகாட்டியாக நான் அதைத்தான் சோதித்தேன்.

முதல் ஆண்டில் மாளவிகா எடுத்த மதிப்பெண்ணை அந்தக் கல்லூரியில் இன்னும் யாரும் தாண்டவில்லை. இரண்டாம் ஆண்டில் தாண்டியிருக்கக்கூடியவள் தமிழினி ஒருத்திதான். அடுத்த மாதம் புதிய மாணவிகள் வருகிறார்கள். அவர்களில் கெட்டிக்காரி யாரோ அவளை என்னிடம் விடச் சொல்லித் தலைமையாசிரியையிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.