பல்லுக்கு முன்னால் இருக்கும் முண்டு

ஐயா, அந்த ரம்பத்தை வெயிலில் போட்டுவைத்திருக்கிறீர்கள். டேங்க்கில் பெட்ரோல் மிச்சம் இருக்கும், வடித்துவிட்டு நிழலில் வைக்கச் சொல்லுங்கள். நான் இப்படி உட்கார்ந்துகொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயதாகிறது, நின்றுகொண்டு பேச முடியவில்லை.

என் பெயர் தேவசகாயம். பேரணாம்பட்டில் சர்தார் பாஷா மரக்கிடங்கில் மெக்கானிக். தோல் ஷாப்புகளில் தோலைப் போட்டுச் சுற்றுகிறார்களே பெரிய மர டிரம், அதற்கு நாங்கள்தான் கட்டை அறுத்துக் கொடுக்கிறோம். அறுபத்திரண்டாம் வருஷம் பாய் மெட்ராஸ் போய் இந்தச் சீமை ரம்பத்தை வாங்கி வந்தார். பல் வைத்த சங்கிலி, பெட்ரோலில் ஓடுவது. இந்த நான்கு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவன் நான். ஓட்டினவன் ராஜவேலு.

பார்த்துக்கொள்வது என்றால் லேசு இல்லை. தினமும் பல்லுக்கு அரம் போட வேண்டும். சங்கிலியில் எண்ணெய் வற்றக் கூடாது. சூடாக இருக்கும்போது சங்கிலியை முறுக்கவே கூடாது. ஆறினால் சுருங்கி இறுகிவிடும். இண்டு இடுக்கு விடாமல் மரத்தூளைத் தட்ட வேண்டும். பெற்ற பிள்ளைக்குக்கூட நீங்கள் இவ்வளவு செய்ததில்லை என்பாள் என் மனைவி. வாஸ்தவம்தான்.

ராஜவேலு கெட்டவன் இல்லை. முப்பது வயது, நல்ல உடல்பலம். ஆனால் எண்ணெய் பட்டனை அழுத்த மறப்பான், கட்டையோடு சேர்த்து மண்ணையும் அறுப்பான். சாயங்காலமெல்லாம் குனிந்து நான் தீட்டிவைத்த பல்லை மறுநாள் பத்து மணிக்குள் மழுங்கடித்துக்கொண்டு வந்து நிற்பான். "இன்னாண்ணே, பல்லு கடிக்கவே மாட்டேங்குது? இன்னும் கொஞ்சம் தீட்டி வுடு" என்று சிரிப்பான். நான்கு வருஷம், ஐயா. அலுத்துவிட்டது.

போன மாதம் பாய் கூப்பிட்டார். "தேவசகாயம், மெஷின் ரொம்ப பேஜார் பண்ணுது. உனக்கும் கண்ணு கம்மியாய்டுச்சு. தீபாவளியிலேர்ந்து ராஜவேலுவே பாத்துக்கட்டும், நீ வாட்ச்மேனா இரு." சம்பளம் குறையாது என்றும் சொன்னார். தங்கமான மனுஷர். சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதேன். ராஜவேலு கையில் அது ஆறு மாதம் தாங்காது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு முண்டு இருக்கிறது, பாருங்கள். பல் எவ்வளவு மரம் தின்னலாம் என்று அளவு வைப்பது அதுதான். பல்லைவிட ஒரு நகத்தின் கனம் அளவுக்கு முண்டு தாழ்ந்திருக்கலாம். அதற்கு மேல் அராவினால், நுனி மரத்தில் பட்ட மாத்திரத்தில் ரம்பம் ஓட்டுகிறவன் மேல் எகிறும். ராஜவேலுவுக்கும் அது தெரியும். காலையில் கட்டைவிரலால் முண்டைத் தடவிப் பார்க்காமல் ஓட்ட மாட்டான். அந்த ஒரு காரியத்தில் ஒழுங்கு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் பார்க்க மாட்டான். பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தடவக் கூடாது, சந்தனத்தைத் துடைக்கக் கூடாது. கும்பிட்டு எடுத்து, கட்டைமேல் வைத்த பூசணிக்காயில் ரம்பத்தின் நுனியைக் குத்தித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். எங்கள் கிடங்கில் அது வழக்கம்.

பூஜை மத்தியானமே முடிந்தது. எல்லாரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கிறிஸ்தவன், தொடக் கூடாது என்ற கட்டு எனக்கு இல்லை. உட்கார்ந்து முண்டுகளை அந்த நகக்கனத்துக்கும் கீழே அராவினேன். ஒன்று கூடுதல், ஒன்று குறைச்சல் என்று விடவில்லை. எல்லாம் ஒரே அளவு. பிறகு கிண்ணத்தில் மீந்திருந்த சந்தனத்தைக் குழைத்து அரம் பட்ட இடமெல்லாம் பூசினேன்.

காலையில் ராஜவேலு, "அண்ணே, நீயும் வந்து பக்கத்துல நில்லுண்ணே" என்று கூப்பிட்டான். நான் தள்ளியே நின்றேன். நுனி பூசணியைத் தாண்டிக் கட்டையில் பட்டது. ரம்பம் எகிறி அவன் கழுத்தில் பாய்ந்தது. நான் ஓடிப்போய் ரம்பத்தை நிறுத்தினேன். அவனை மற்றவர்கள் தூக்கினார்கள்.

அவன் மனைவி அம்சவேணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்துக்கிட்ட மெஷினாச்சேண்ணே" என்று அழுதாள். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இயந்திரத்தைச் சரியாகப் பராமரிக்காததால் நேர்ந்த விபத்து என்று நீங்கள் எழுதியிருப்பதாக ஏட்டு கோவிந்தசாமி சொன்னார். அதற்காகத்தான் வந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. தேவசகாயம் கொன்றான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பராமரிப்பில் ஒரு குறையும் இல்லை.